அரண்மனைக்குப் போன கைலி

எங்கள் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையங்களில் ஒரு பலகை உண்டு. புகைத்தால் 1000 வெள்ளி. தின்றாலோ குடித்தாலோ 500 வெள்ளி. தீப்பற்றக்கூடிய சாமான் கொண்டுவந்தால் 5000 வெள்ளி. பக்கத்திலேயே ஒரு டுரியான் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அதற்குக் கீழே மட்டும் தொகை கிடையாது. என் மாமனாருக்கு இந்தப் பலகையின்மேல் தீராத மனத்தாங்கல்.

"எவ்வளவுன்னு போடாம, கொண்டு வராதேன்னு மட்டும் சொன்னா என்ன அர்த்தம் மாப்ளே? ஒரு மனுஷன் எதை வச்சு முடிவு பண்றது?"

வாழ்நாளில் ஒரு வெள்ளிகூட அபராதம் கட்டாதவர் அவர். டுரியானை மூக்கருகே கொண்டுபோகவும் மாட்டார். ஆனாலும் கட்டணம் தெரியாத குற்றம் ஒன்று ஊருக்குள் உலவுகிறதே என்பது அவருக்கு நெருடல். பலகை படித்தே வளர்ந்த தலைமுறை. எது தப்பு, எது பெரிய தப்பு என்பதையெல்லாம் வெள்ளிக் கணக்கில்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

அத்தை வேறொரு சட்டத்தில் வளர்ந்தவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறியபோது அந்தச் சட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். வாசற்படியில் உட்காராதே. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே. பெரியவர்கள் இருக்கும் திசையில் காலை நீட்டாதே. காசைக் காலால் தொடாதே. ஏன் என்றால், "கூடாதுன்னா கூடாது." மீறினால் என்ன தண்டனை என்றால், ஒரு பார்வை. ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரே கூரைக்கடியில் இந்த இரண்டு சட்டங்களும் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கின்றன.

இந்த இருவரையும் அழைத்துக்கொண்டுதான் போன டிசம்பரில் நானும் என் மனைவியும் சியாங் மாய் போனோம்.

மாமாவுக்குத் தாய்லாந்து புதிதல்ல. ஆனால் அவருடைய தாய்லாந்து பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் தொடங்கி ஹாட் யாயோடு முடிந்துவிடும். 1973இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் வாசலில் ராத்திரி பஸ் ஏறி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எல்லை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்த் தொழிலாளர்கள் தேக்காவை நிறைப்பார்கள் என்றால், தாய்லாந்துத் தொழிலாளர்கள் கோல்டன் மைலை நிறைப்பார்கள். அங்கே தாய் மளிகை, தாய்ச் சாப்பாடு, தாய்ப் பாட்டு, ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை. கட்டடம் கைமாறி 2023இல் கடைகளெல்லாம் காலியானபோது மாமா கடைசியாக ஒரு தடவை போய் டொம் யாம் குடித்துவிட்டு, துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர் முகத்தோடு வீடு திரும்பினார். இனிமேல் தாய்லாந்துக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி பேச்சை எடுத்தாள்.

"சியாங் மாய் போலாம்ப்பா. மலைமேல ராஜாவோட அரண்மனை இருக்கு. பூபிங் அரண்மனை. உள்ள போய்ப் பார்க்கலாம்."

அரண்மனை என்றால் மாமா விழுந்துவிடுவார். அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில், குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி வரும் நாளில், வரிசையில் முன்னால் நிற்பவர் அவர்தான். 1869இல் கட்டி முடித்த அந்த மாளிகையில், இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. மாமா அந்த வரலாற்றை "நம்ம ஆளு கட்டின வீடு" என்று சுருக்கிச் சொல்வார், பட்டா தன் பெட்டியில் இருக்கும் தோரணையில்.

தாய்லாந்து அரச குடும்பத்தோடும் அவருக்கு ஒரு வழியில் சொந்தம் உண்டு. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால், உயரமான பீடத்தில் வெண்கல யானை ஒன்று நிற்கிறதே, அது மன்னர் சுலாலங்கோர்ன் 1871இல் சிங்கப்பூர் வந்துபோன நினைவாகக் கொடுத்தது. சயாம் மன்னர் ஒருவர் கால்வைத்த முதல் அந்நிய மண் சிங்கப்பூர்தான் என்று பீடத்திலேயே பொறித்திருக்கிறார்கள். முதலில் விக்டோரியா மண்டபத்துக்கு முன்னால் நின்ற யானையை, 1919இல் ராஃபிள்ஸ் சிலைக்கு அந்த இடம் வேண்டும் என்று நகர்த்திவிட்டார்கள். "ராஜா குடுத்த யானையை எழுப்பிட்டு கம்பெனிக்காரனை நிக்க வச்சாங்க" என்று மாமா சொல்வதைக் கேட்டால் ஏதோ போன வாரம் நடந்தது என்று தோன்றும்.

தாய்லாந்துப் பழக்கவழக்கங்களை இரண்டு பக்கத்துக்கு அச்செடுத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். மாமா அடிக்கோடிட்டுப் படித்தார். அத்தை அதில் முறுக்கு வைத்தார்.

ஒத்திகைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கிய முனி புத்த கயா கோயில் இருக்கிறது. வுத்திசாரா என்ற தாய்லாந்துத் துறவி 1927இல் தொடங்கிய கோயில். உள்ளே 15 மீட்டர் உயரத்தில், 300 டன் எடையில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் விளக்குகள். ஆயிரம் விளக்குக் கோயில் என்பார்கள். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால், அதற்கு அண்ணா சாலை பஸ் போதுமே என்பார். மார்கழி முழுக்க அத்தை விடியற்காலையில் போய் நிற்கும் பெருமாள் கோயில் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கோயிலுக்குள் வந்ததில்லை. அதே சாலையின் மறுமுனையில் மீன் தலைக் கறிக் கடைகள் இருப்பதால் மாமாவும் அவற்றைத் தாண்டி வந்ததில்லை.

"புத்தர் பக்கம் பாதம் தெரியாம உட்காரணும் மாமா" என்றேன். அவர் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்து இறங்கி, காலை மடக்கப் பார்த்து, முட்டி ஒத்துழைக்காமல் கடைசியில் இரண்டு உள்ளங்காலும் புத்தருக்கு நேராக இருக்கும்படி அமர்ந்தார். பக்கத்தில் அத்தை எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார். இரண்டு காலையும் ஒருபக்கமாகப் பின்னால் மடித்து, முந்தானையால் மூடி, தாய்லாந்துச் சுற்றுலாத் துறை படம் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், அப்படி. முறுக்கு வைத்த தாள் அவர் பைக்குள் இருந்தது.

விமானத்தில் ஏறியதும் மாமாவிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அந்த நாட்டில் பெரும்பாலான பழக்கங்களுக்குப் பலகை இல்லை, தொகை இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவு. மன்னரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ இழிவாகப் பேசினால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை.

மாமா கோப்பிக் கடையில் எல்லா நாட்டு அரசாங்கத்தையும் பாரபட்சம் இல்லாமல் திட்டுகிறவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எதற்கு வம்பு என்று ஆரஞ்சு ஜூஸைக்கூடச் சைகையில் கேட்டு வாங்கினார். சியாங் மாயில் இறங்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. அத்தை என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இந்தச் சட்டத்தை ஈசூனுக்கும் வாங்கிட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

தாய்லாந்துக்காரர்கள் கைகூப்பி வணங்குவதை 'வாய்' என்கிறார்கள். இதில் தமக்குப் பயிற்சியே தேவையில்லை என்பது மாமாவின் எண்ணம். சமூக மன்ற விழாக்களில் வரவேற்புக் குழுவில் நின்று நின்று பழகிய கை. ஓட்டல் வாசலில் பெட்டி தூக்க வந்த பையனுக்கு முதல் வணக்கம். வரவேற்பு மேசைக்கு ஒன்று. மின்தூக்கியில் வந்த குழந்தைகளுக்கும் ஒன்று. பெட்டி தூக்கிய பையன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பதறிப்போய் மாமாவின் கைக்கும் கீழே குனிந்து கும்பிட்டான். மாமா விடுவாரா, அவனுக்கும் கீழே குனிந்தார். வழிகாட்டியாக வந்த பெண் ஓடிவராமல் இருந்திருந்தால் இருவரும் தரையைத் தொட்டிருப்பார்கள்.

அவள் சொன்ன பிறகுதான் விவரம் புரிந்தது. சின்னவர்கள்தான் முதலில் கும்பிட வேண்டும். பெரியவர்கள் பதிலுக்குக் கையெடுத்தால் போதும், வேலையாட்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு போதும். கை எங்கே நிற்கிறது என்பதிலும் கணக்கு உண்டு. சமவயதுக்காரருக்கு மோவாய் அருகே. பெரியவர்களுக்கு மூக்கருகே. துறவிகளுக்கும் புத்தருக்கும் புருவ மத்தியில் கட்டைவிரல்.

"கும்பிடுறதுக்குள்ள ஒரு வாய்ப்பாடே வச்சிருக்காங்களே மாப்ளே" என்று மாமா மலைத்துப்போனார்.

அத்தைக்கு இதில் மலைக்க ஒன்றும் தெரியவில்லை. "பெரியவங்க சின்னவங்களைக் கும்பிட்டா சின்னவங்களுக்கு ஆயுசு குறையும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பாவம், பெட்டி தூக்குற புள்ள." நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டிப் பெண் அத்தையையே பார்த்தாள். "எங்க பாட்டியும் இதையேதான் சொல்வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் விளக்கவில்லை. சந்தேகம் வந்தால் அத்தையைக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

எங்கள் வயதையெல்லாம் முதலிலேயே கேட்டுக்கொண்டாள். அந்த ஊரில் அது மரியாதைக்கான கேள்வி, வயது தெரிந்தால்தானே உறவு வைக்க முடியும். மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. அப்பா அம்மாவுக்கு மூத்தவர்களுக்கு ஒரு பெயர், இளையவர்களுக்கு வேறு பெயர், அதிலும் அம்மாவழி அப்பாவழி பிரித்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் நாற்பதைத் தாண்டிய எல்லாரையும் 'அங்கிள்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவோம். சியாங் மாயில் மாமா 'லுங்' ஆனார், பெரியப்பா முறை. அத்தைக்குப் பெரியம்மா முறை, 'பா'. "என்னை எதுக்கு அப்பாங்கிறா?" என்று மட்டும் அத்தை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறினோம். சிங்கப்பூரின் மிக உயரமான மலை புக்கிட் தீமா, 163 மீட்டர். ஈசூனிலிருந்து வார இறுதியில் ஏறி இறங்கி, ஏதோ இமயத்தை மிதித்தாற்போல் கால்வலித் தைலம் தடவிக்கொள்வோம். பூபிங் அரண்மனை இருக்கும் டொய் புவாக் ஹா 1300 மீட்டருக்கும் மேலே. இரண்டு பலகை இருக்கைகளை எதிரெதிராகப் போட்ட சிவப்பு வண்டியில் நால்வரும் வழிகாட்டியும் ஏறிக்கொண்டோம். பின்பக்கம் திறந்த வண்டி. குளிர் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

இந்தப் பாதையை 1934-35இல் க்ரூபா ஸ்ரீவிச்சாய் என்ற துறவி முன்னின்று போட்டார். அரசாங்கம் அல்ல, அவர் சொல்லுக்காக வந்து நின்ற ஜனங்கள் கையால் வெட்டிய மலைப்பாதை. சில மாதங்களில் முடித்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் அவர் சிலை இருக்கிறது. அதைத் தாண்டும்போது எங்கள் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, புருவம்வரை உயர்த்தி, நிதானமாகக் கும்பிட்டார். மாமா முன்கண்ணாடி வழியே இதைப் பார்த்துவிட்டார்.

"இரண்டு கையும் விட்டுட்டாரு மாப்ளே! நம்ம ஊர்ல இதுக்கு எவ்வளவு தெரியுமா?"

"தஞ்சாவூர்ல மினி பஸ்காரர் பிள்ளையார் கோயிலுக்கு இதைத்தானே செய்வாரு" என்றார் அத்தை. "கும்பிடாம ஓட்டினாத்தான் எனக்குப் பயம்."

மார்கழி பிறந்துவிட்டிருந்தது. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அத்தை திருப்பாவையை முணுமுணுக்கத் தொடங்கினார். என்ன பாட்டு என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். பாங்காக்கில் 1784இல் கட்டிய தேவஸ்தான் கோயில் இருக்கிறதே, அங்கே அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திரியம்பாவாய், திரிபாவாய் சடங்கு தெரியுமா, அந்தப் பெயரே திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தது என்கிறார்கள், அங்கே ஓதுவதும் தமிழ்ப் பாட்டுதான், என்றேன். அந்தச் சடங்குக்காகத்தான் பாங்காக் நடுவில் அந்தப் பெரிய ஊஞ்சல் நிற்கிறது, 1935க்குப் பிறகு அதில் யாரும் ஆடுவதில்லை. அந்தப் பிராமணர்களுக்குத் தமிழ் தெரியாது. பாட்டு மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது.

"அர்த்தம் தெரியாமலா சொல்றாங்க?" என்றார் அத்தை. ஒரு கணம் யோசித்தார். "நம்ம பேரப்புள்ளைங்க மட்டும் என்னவாம்."

என் மனைவி வெளியே தெரிந்த மலையை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

அரண்மனை வாசலில்தான் சிக்கல். குளிராகட்டும் வெயிலாகட்டும், சிங்கப்பூர் ஆண்மகனுக்கு முட்டிவரை பெர்முடா, காலில் சிலிப்பர். மாமாவும் அப்படியே வந்துவிட்டார். "கோயிலுக்குத்தானே முழுப்பேன்ட்டுன்னு போட்டிருந்த?" என்று தாளைக் காட்டினார். வாசல் காவலர் எதுவும் சொல்லவில்லை. சிரித்தார். மாமாவின் முட்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த கவுண்டரைக் கைகாட்டினார். மாமா சுற்றுமுற்றும் தேடினார், பலகை எங்கே, எத்தனை பாட் என்று எங்காவது எழுதியிருக்கிறதா. எங்கேயும் இல்லை. "டுரியான் கேஸ்" என்று என் காதில் சொன்னார்.

கவுண்டரில் சொற்ப வாடகைக்குத் துணி கொடுத்தார்கள். மூட்டிய துணி. விரித்துப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. அது கைலி.

அந்தக் கவுண்டரைச் சுற்றி அப்போது ஒரே அல்லோலகல்லோலம். அரைக்கால் சட்டையோடு வந்த வெள்ளைக்காரர்களும் சீனர்களும் கொரியர்களும் அந்தத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துண்டைப் போலச் சுற்றி, கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் பெல்ட்டுக்குள் திணித்துப் பார்த்தார். ஓர் இளம்பெண் முடிச்சுப் போட்டுப் போட்டு, துணி பாதியாகச் சுருங்கி, மறுபடி முட்டி தெரிந்துவிட்டது. மாமா கைலியைத் தலைவழியாக இறக்கி, இடுப்பில் நிறுத்தி, இடதும் வலதுமாக மடித்து, ஒரு சுருட்டு சுருட்டி, செருகி, ஒரு குதி குதித்துக் காட்டினார். கைலி அசையவில்லை.

கூட்டம் அமைதியானது. துண்டு கட்டியவர்தான் முதலில் வந்தார். "ப்ளீஸ்" என்று கைலியை நீட்டினார். மாமா அவருக்குக் கட்டிவிட்டார். பிறகு அடுத்தவர். பெண்களுக்கு அத்தையை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வரிசையே வந்துவிட்டது. "வயித்தை உள்ள இழுங்க. இப்ப மடிங்க. விட்டுடாதீங்க, சுருட்டுங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். எல்லாருக்கும் புரிந்தது. கவுண்டரில் இருந்த பெண்மணி தன் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

உள்ளே போகும் பாதை ஏற்றம். ஏற்றம் என்றால் கைலி கட்டியவன் கை என்ன செய்யும்? மாமா குனிந்து, கைலியின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த மாணவர்கள் இதுவும் பாடத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். நெதர்லாந்தா ஜெர்மனியா தெரியவில்லை, ஒரு நெடிய மனிதரிலிருந்து கொரியத் தாத்தாவரை வரிசையாக எல்லாரும் குனிந்தார்கள், தூக்கினார்கள், மடித்துக் கட்டினார்கள். முட்டியை மறைக்க வாங்கிய துணியோடு, பளிச்சென்று முட்டி தெரிய, தாய்லாந்து மன்னரின் மலை அரண்மனைக்குள் ஒரு சர்வதேசப் படை நுழைந்தது.

காவலர் மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை பயமாகச் சிரித்தார். வழிகாட்டிப் பெண் ஓடத் தொடங்கினாள். அவளுக்கு முன்னால் அத்தையின் குரல் போய்விட்டது.

"என்னங்க! ராஜா வீட்டு வாசல்ல மடிச்சுக் கட்டிக்கிட்டா நடப்பீங்க? இறக்கி விடுங்க!"

அந்தக் குரலுக்கு மாமாவின் கை தானாக இறங்கும். கைலி இறங்கியது. படை மொத்தமும் இறக்கிவிட்டது. ஊரில் பெரியவர் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்று எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? அத்தைக்குத் தெரியும். காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் கூப்பி, மூக்கருகே உயர்த்தி, அத்தையைக் கும்பிட்டார்.

அரண்மனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டுமே. 1961இல் கட்டினார்கள். 1962 ஜனவரியில் டென்மார்க் மன்னரும் அரசியும் வந்து தங்கியதுதான் முதல் விருந்து. ஆண்டின் தொடக்கத்தில் அரச குடும்பம் வந்து தங்கும் நாட்களில் மூடிவிடுவார்கள், மற்ற நாட்களில் நாம் போகலாம். போகலாம் என்றால் தோட்டத்துக்குள். மாளிகைக்குள் விடமாட்டார்கள். மாமாவுக்கு இதில் ஏமாற்றம்தான். இஸ்தானாவிலாவது உள்ளே கூட்டிப்போய் விருந்துக் கூடத்தைக் காட்டுகிறார்கள், இங்கே ஒரு நாற்காலிகூடக் கண்ணில் படவில்லையே என்றார். அத்தைக்குத் தோட்டமே போதும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரோஜாக்கள், தொட்டால் இரண்டு கைக்கும் அடங்காத மூங்கில், நீர்த்தேக்கத்தின் நடுவே நீரூற்று, யூகலிப்டஸ் கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு மரவீடு. ஈசூன் தாழ்வாரத்தில் ஆறு தொட்டி வைத்துக்கொண்டு நகரமன்றத்தோடு போராடும் அத்தை, ஒவ்வொரு ரோஜாச் செடிக்கும் முன்னால் நின்று, என்ன உரம் போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இந்த மலைப்பக்கம் ஒரு காலத்தில் அபினி விளைந்தது. மன்னர் பூமிபோல் மலைக் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 1969இல் தொடங்கிய திட்டத்தின் மூலம் அபினிக்குப் பதில் பீச், ஸ்ட்ராபெரி, காப்பி என்று மாற்றிக் கொடுத்தார். அந்தப் பழங்களை இப்போது 'டொய் கம்' என்ற பெயரில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அத்தை காய்ந்த ஸ்ட்ராபெரி வாங்கினார். மீதிச் சில்லறையை வாங்கும்போது ஒரு பத்து பாட் நாணயம் கைதவறி, சாய்வான தரையில் உருண்டு ஓடியது. மாமாவின் கால் ஓடும் காசை நிறுத்தத் தூக்கியாகிவிட்டது. நாணயத்தில் இருப்பது மன்னர் முகம். அதை மிதிப்பது அந்த ஊரில் சாதாரண விஷயமல்ல என்பதை நான் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "லெட்சுமிங்க!" என்று ஒரு சத்தம். மாமாவின் கால் அந்தரத்தில் நின்றது. காசு தானாகவே சாய்ந்து விழுந்தது. அத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தார். கடைக்காரப் பெண் இன்னொரு பொட்டலம் ஸ்ட்ராபெரியைச் சும்மா கொடுத்தாள்.

அத்தைக்கே தெரியாத ஒன்றும் இருந்தது. திரும்பும் வழியில் டொய் சுதேப் கோயிலில் நிறுத்தினோம். வெள்ளை யானை ஒன்று புத்தரின் அஸ்தியைச் சுமந்துகொண்டு மலையேறி, பிளிறி, சுற்றி வந்து உயிர்விட்ட இடத்தில் கட்டியதாகக் கதை. இருபுறமும் நாகங்கள் படுத்திருக்கும் படிக்கட்டு, 300 படிகளுக்கு மேல். பத்துமலையின் 272 படிகளைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஏறியவர் என்று மாமா தம்மைப் பற்றிச் சொல்லிவிட்டு, மின்தூக்கி எங்கே என்று கேட்டார்.

படிக்கட்டின் அடியில் ஒரு குழந்தை, கன்னம் இரண்டும் சிவந்து, நம் அத்தையைப் பார்த்துச் சிரித்தது. அத்தையின் கை ஆசீர்வாதம் செய்ய அதன் தலைக்குப் போனது. வழிகாட்டிப் பெண் மெல்ல நடுவில் வந்தாள். இங்கே தலை புனிதம், அன்னியர் தொட மாட்டார்கள் என்றாள். நமக்கு ஆசீர்வாதமே தலையில் கைவைப்பதுதான். அத்தையின் கை நடுவழியில் நின்றது. ஆனால் குழந்தை அழகு, கண் படுமே, சும்மா விட முடியுமா? தொடாமலேயே தூரத்திலிருந்து இரண்டு கையாலும் காற்றில் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தார். குழந்தையின் அம்மா திடுக்கிட்டாள்.

வழிகாட்டி விளக்கியதும் அங்கே ஒரு மாநாடே கூடிவிட்டது. தாய்லாந்திலும் குழந்தையை அழகு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். ஆவிகள் கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று, கொஞ்சும்போதே அவலட்சணம் என்றுதான் கொஞ்சுவார்களாம். எங்கள் ஊரில் முதல் குழந்தை தங்காவிட்டால் அடுத்ததற்குக் குப்பை, பிச்சை என்று பெயர் வைப்பார்கள் என்று அத்தை சொன்னார். பாட்டி ஒருத்தி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு தன் இன்னொரு பேரனைக் கொண்டுவந்து அத்தை முன்னால் நிறுத்தி, அவன் தலைக்கு மேலே காற்றைக் காட்டினாள். இவனுக்கும் அந்தச் சத்தம் போடுங்கள் என்று.

சாயங்காலம் ராட்சதம்னோன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தா பே வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடை, கூட்டம், புகை. மலைவாசிகள் நெய்த பை ஒன்றை அத்தைக்குப் பிடித்துவிட்டது. அந்த ஊரில் பேரம் கணக்குப்பொறியில் நடக்கும். கடைக்காரப் பெண் 350 என்று அடித்துக் காட்டினாள். அத்தை வாங்கி 150 என்று அடித்தார். அவள் 250 என்று அடித்து நீட்டினாள். பொறி அத்தை கைக்கு வந்த நேரத்தில் ஒலிபெருக்கி முழங்கியது. ஆறு மணி. தேசிய கீதம்.

அத்தனை பெரிய சந்தை ஒரே சமயத்தில் உறைந்தது. நடந்தவர்கள் நடந்த இடத்தில் நின்றார்கள். எண்ணெயில் மட்டும் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. மாமா வாயில் பாதி மாட்டிய கோழிக் குச்சியோடு விறைப்பாக நின்றார், பள்ளிக்கூடத்தில் மஜுலா சிங்கப்பூராவுக்கு நின்ற அதே நிலை. அத்தையும் நின்றார். முதுகு நேராக, பொறியை மார்போடு அணைத்து, கடைக்காரப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவளும் அசைய முடியாது, பேச முடியாது, பார்வையைத் திருப்பினால் மரியாதையில்லை. நாற்பது வருஷம் மாமாவை நேர்வழியில் நடத்திய அந்தப் பார்வையை, பாட்டு முடியும்வரை அவள் முழுசாகத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

பாட்டு முடிந்தது. சந்தை நகர்ந்தது. கடைக்காரப் பெண் கையை நீட்டிப் பொறியை வாங்கி, தானாகவே 160 என்று அடித்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தை வழிகாட்டிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"கண்ணு, காலையில எட்டு மணிக்கும் இந்தப் பாட்டுப் போடுவாங்கன்னு சொன்னேல்ல? அந்த நேரத்துக்கு எந்தச் சந்தை திறந்திருக்கும்?"

வரோரொட் சந்தை விடியும் முன்பே திறந்துவிடும் என்றாள் அவள். அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார்.

"ஏழரைக்கெல்லாம் குளிச்சிட்டு ரெடியா இருங்க. பேன்ட் போட்டுக்கங்க."